தமிழ்வழி அன்றாட ஆங்கில நூல்கள்: பெரியவர்களின் தேவையும் பாடத்திட்டமும்

தமிழ்வழி அன்றாட ஆங்கில நூல்கள் என்பவை, பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்தவர்களும் இடையில் நிறுத்தியவர்களும் ஆசிரியர் துணையின்றி ஆங்கிலம் பேசக் கற்பதற்காக எழுதப்படும் மலிவு விலை நூல்கள். முப்பது நாள், அறுபது நாள் என்று நாள் கணக்கை அட்டையில் தாங்கி வருபவை இவற்றில் மிகுதி. பேருந்து நிலையக் கடைகளிலும் புத்தகக் காட்சிகளிலும் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து விற்பனையாகின்றன. ஆயினும் இவற்றைப் பற்றிய விமர்சனம் தமிழில் அரிதாகவே எழுதப்படுகிறது. இலக்கியத் திறனாய்வாளர்கள் இவற்றை நூல் என்று கணக்கில் எடுப்பதில்லை. கல்வியாளர்கள் பள்ளிப் பாடநூலோடு நின்றுவிடுகிறார்கள். இக்கட்டுரை விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பெரியவர்களின் தேவையை அளவுகோலாகக் கொண்டு இந்நூல்வகையை மதிப்பிடுகிறது. இதே சிக்கலை எதிர்கொண்ட ஜப்பானியப் பெரியவர்களுக்கான ஆங்கில நூல்களும் வானொலிப் பாடங்களும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பின்னணி

தமிழகத்தில் ஆங்கிலம் தானாகக் கற்க விரும்பியவர்களுக்கு முதலில் கிடைத்தவை அகராதியும் இலக்கண நூலுமே. சென்னையில் 1929இல் தொடங்கப்பட்ட லிப்கோ நிறுவனத்தின் ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பல வீடுகளில் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து பெரியவர்களுக்கும் பயன்பட்டன. இலக்கணத்துக்கு ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய நூல் துணையாயிற்று. 1930களில் வெளிவந்த அந்நூல் இந்தியாவில் இருந்த ஆங்கில அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதாவது, ஆங்கிலம் ஏற்கெனவே பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கு அதன் விதிகளை விளக்கும் நூல் அது. பேசத் தெரியாதவர்களும் அதைத்தான் கையில் எடுத்தார்கள்.

பேச்சு ஆங்கிலத்துக்கென்று தனி நூல்கள் பெருகியது 1970களுக்குப் பிறகு. டெல்லி புஸ்தக் மஹால் வெளியிட்ட ரேபிடெக்ஸ் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நூல் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வந்தது. கிரிக்கெட் வீரர் கபில்தேவ் அதன் விளம்பரத்தில் தோன்றியது பலருக்கும் நினைவிருக்கும். சென்னை பாலாஜி பதிப்பகத்தின் 'முப்பது நாள்களில்' வரிசை பல மொழிகளுக்கு வழிகாட்டியாக விற்பனையானது. இவற்றைப் பின்பற்றிச் சிறு பதிப்பகங்கள் பலவும் இதே வகையில் நூல்களை வெளியிட்டன. தபால்வழிப் பயிற்சி, ஒலிநாடா, குறுந்தகடு, இன்றைய யூடியூப் காணொளி எனக் கருவி மாறினாலும் பாடத்தின் அடுக்கு பெரும்பாலும் மாறவில்லை. ஆகவே நூலைப் பற்றிச் சொல்லப்படுபவை காணொளிகளுக்கும் பெருமளவு பொருந்தும்.

விழுப்புரம் பகுதியில் கற்போர்

தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993 செப்டம்பர் 30 அன்று பிரிந்த விழுப்புரம், வேளாண்மையை நம்பிய மாவட்டம். திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் படிப்போரில் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் கணிசமானோர். இவர்கள் பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்கள். தேர்வில் கட்டுரையும் கடிதமும் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். ஆனாலும் யாராவது ஆங்கிலத்தில் எதிர்கேள்வி கேட்டால் வாய் திறக்கத் தயங்குகிறார்கள்.

இப்பகுதியில் ஆங்கிலத் தேவை நான்கு இடங்களில் எழுகிறது. முதலாவது தொழிற்சாலை. ஒரகடம் வட்டாரத்தில் 2010இல் உற்பத்தியைத் தொடங்கிய ரெனோ-நிசான் ஆலையும் அதைச் சூழ்ந்த உதிரிபாக ஆலைகளும் வட தமிழக மாவட்டங்களின் இளைஞர்களை ஈர்த்தன. ஜப்பானிலிருந்து வரும் பொறியாளரும் தமிழ்த் தொழிலாளியும் பேசிக்கொள்ளும் மொழி ஆங்கிலம். இருவருக்குமே அது தாய்மொழி அன்று. இரண்டாவது ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட அந்நகரின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ளது. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் போன்ற ஊர்களிலிருந்து அங்கு வேலைக்குச் செல்வோரில் பலர் காதால் கேட்டே ஆங்கிலம் பழகியவர்கள். மூன்றாவது சுற்றுலா. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராத்தியப் படைத்தளங்களின் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கு இளநீர் விற்பவருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் நான்கு வாக்கியமாவது தேவைப்படும். நான்காவது வீடும் அலுவலகமும். வங்கிப் படிவம், மருந்துச் சீட்டு, கைப்பேசிக் குறுஞ்செய்தி, பிள்ளையின் பள்ளி நாட்குறிப்பு ஆகியவை ஆங்கிலத்தில் வருகின்றன.

இந்த நால்வகைத் தேவையை இந்நூல்கள் எந்த அளவுக்கு நிறைவு செய்கின்றன என்பதே கேள்வி.

நூல்களின் அமைப்பு

இந்நூல்களின் அடுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரியானது. முதலில் எழுத்துகளும் அவற்றின் தமிழ் ஒலிபெயர்ப்பும். அடுத்து வணக்கம், நன்றி, மன்னிப்பு. பின்னர் பெயர்ச்சொல், வினைச்சொல் என்ற சொல்வகைகள்; பன்னிரண்டு கால வாய்பாடு; செய்வினை, செயப்பாட்டுவினை; நேர்கூற்று, அயற்கூற்று. நடுவில் மருத்துவரிடம், அஞ்சலகத்தில், கடையில் என்ற தலைப்பில் உரையாடல்கள். இறுதியில் பறவைகள், பூச்சிகள், உலோகங்கள், மணிவகைகள், உடலுறுப்புகள் என வகைப்படுத்திய சொற்பட்டியல். சிலவற்றில் பழமொழிகளும் விடுப்பு விண்ணப்ப மாதிரிகளும் சேர்ந்திருக்கும்.

வரிசையை உற்று நோக்கினால் இது பள்ளிப் பாடத்திட்டத்தின் சுருக்கம் என்பது விளங்கும். எட்டு ஆண்டில் பள்ளி சொன்னதை நூல் முப்பது நாளில் சொல்கிறது. பள்ளி வரிசை யாருக்குப் பயன் தரவில்லையோ, அவருக்கே அதே வரிசை வேகம் கூட்டி மறுபடியும் தரப்படுகிறது.

நிறைகள்

குறை சொல்வதற்கு முன் இந்நூல்கள் செய்த நன்மையைப் பதிவு செய்வது முறை. விலை குறைவு. தமிழில் விளக்கம் இருப்பதால் ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சுபவரும் புரட்ட முடியும். வகுப்பில் இளையவர்களோடு உட்கார வெட்கப்படும் நாற்பது வயதுக்காரர் வீட்டுத் திண்ணையில் தனியாகப் படிக்கலாம். பெண்களுக்கு இது இன்னும் பெரிய வசதி. மாலைநேரப் பயிற்சி வகுப்புக்குப் போக இயலாதவர்களுக்கு நூல் ஒன்றே வழியாக இருந்த காலம் நீண்டது. இரண்டு மொழியையும் எதிரெதிர்ப் பத்திகளில் அச்சிடும் முறையும் நல்ல முறைதான். தாய்மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்று வற்புறுத்திய காலத்திலும், தாய்மொழி வழியே பிறமொழி கற்கலாம் என்பதை இந்நூல்கள் நடைமுறையில் காட்டின.

சொல் தேர்வு

அன்றாடத்துக்கு எத்தனை சொல் போதும் என்ற கேள்வி நூறாண்டுப் பழமையானது. அதற்கான ஆய்வில் இந்தியாவுக்கும் பங்குண்டு. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் வங்காளப் பிள்ளைகளுக்காகச் சொற்களை எண்ணித் தேர்ந்து வாசிப்பு நூல்கள் எழுதினார். 1935இல் அவர் வெளியிட்ட அகராதி 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. 1953இல் வந்த அவரது பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. சாதாரண நூல் ஒன்றில் வரும் சொற்களில் ஐந்தில் நான்கு பங்கு இவற்றுள் அடங்கிவிடும். சி.கே. ஆக்டன் 1930இல் இன்னும் சுருக்கி 850 சொற்களில் 'பேசிக் இங்கிலீஷ்' என்ற திட்டத்தை முன்வைத்தார். அதில் வினைச்சொற்களை மிகவும் குறைத்ததால் பேச்சு செயற்கையாயிற்று, திட்டம் நிலைக்கவில்லை. எனினும் 'சிலவற்றைத் தேர்ந்தெடு, அவற்றை முழுமையாகப் பழக்கு' என்ற கொள்கை நின்றது.

தமிழ்வழி நூல்களின் சொற்பட்டியலில் இக்கொள்கையைக் காண்பது கடினம். மரங்கொத்திக்கும் வைடூரியத்துக்கும் ஆங்கிலம் இருக்கும். 'ஓவர்டைம் எப்போது வரவாகும்?' என்று கேட்க வழி இருக்காது. ஆலைத் தொழிலாளி நாள்தோறும் கேட்கும் ரிஜெக்ட், ரீவொர்க், ஷிஃப்ட், ஷார்ட்டேஜ் ஆகியவை எந்தத் தலைப்பிலும் வருவதில்லை. 'கெட்', 'டேக்', 'புட்', 'கிவ்' போன்ற சிறிய வினைகள் 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'பேக்' ஆகியவற்றோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான பொருள் தருகின்றன. அன்றாட ஆங்கிலத்தின் முதுகெலும்பு இவையே. பட்டியல் நூல்களில் 'கெட்' என்பதற்கு நேரே 'பெறு' என்று ஒரு சொல் இருக்கும். அத்துடன் அதன் கதை முடிந்துவிடும்.

பட்டியலின் குறை அதன் நீளத்தில் மட்டும் இல்லை. தனிச்சொல்லாகப் படித்தவர் பேசும்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடிக் கோக்க வேண்டியிருக்கிறது. எதிரே நிற்பவர் அதுவரை காத்திருப்பதில்லை. தொடராகப் படித்தவருக்குத் தொடராகவே வாயில் வரும்.

ஜப்பானிய ஒப்பீடு

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்த சில வாரங்களில், 1945இல், 'நிச்சிபெய் கைவா தெச்சோ' என்ற சிறு ஜப்பானிய-அமெரிக்க உரையாடல் கையேடு வெளிவந்தது. மொத்தம் 32 பக்கம். அவ்வாண்டு முடிவதற்குள் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அமெரிக்கப் படையினர் தெருவில் வந்து வழி கேட்பார்கள், கடையில் விலை கேட்பார்கள். அப்போது என்ன சொல்வது என்ற ஒரே கேள்விக்கு அது விடை சொன்னது. கால வாய்பாட்டுக்கு அதில் இடமில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தாதாயிச்சி ஹிராகாவா வானொலியில் ஆங்கிலப் பாடம் தொடங்கினார். ஜப்பானியக் குழந்தைப் பாட்டு ஒன்றின் மெட்டில் ஆங்கில வரிகளை அமைத்து அதையே நிகழ்ச்சியின் அடையாளப் பாட்டாக்கினார். சாதாரணக் குடும்பத்தில் நடக்கும் பேச்சுகளே அவரது பாடங்கள். ஆங்கிலம் அதுவரை தேர்வுப் பாடமாக இருந்த நாட்டில் அது வீட்டுப் பேச்சாகக் காதில் விழுந்தது.

இதற்கும் முன்பே ஜப்பானில் ஆழமான பணி ஒன்று நடந்திருந்தது. 1922இல் ஹரோல்ட் பாமர் ஜப்பானியக் கல்வித்துறையின் மொழி ஆலோசகராகச் சென்றார். மறு ஆண்டு டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய ஏ.எஸ். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய இருவருடன் சேர்ந்து ஓர் அகராதியைத் தொகுத்தார். 1942இல் டோக்கியோவில் கைத்தகுஷா நிறுவனம் அதை வெளியிட்டது. போருக்குப் பின் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதையே மறுவெளியீடு செய்தது. தமிழக ஆசிரியர்களின் மேசைகளில் இன்றும் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைக் கற்போர் அகராதி அதன் வழிவந்தது. லண்டனில் பிறந்ததாகப் பலரும் கருதும் அந்த அகராதி, ஜப்பானிய மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துப் பார்த்து உருவாக்கப்பட்டது.

அதன் தனிச்சிறப்பு 25 வினை அமைப்புகள். ஒரு வினைச்சொல்லின் பொருளைச் சொன்னால் போதாது, அதற்குப் பின்னால் என்ன வரும் என்றும் சொல்ல வேண்டும் என்பது ஹார்ன்பியின் அணுகுமுறை. தமிழருக்கும் ஜப்பானியருக்கும் பொதுவான ஒரு பிழையைக் கொண்டு இதை விளக்கலாம். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பது தமிழ் வழக்கு. ஜப்பானியத்திலும் 'பற்றி' என்பதற்கு இணையான உருபு வரும். ஆகவே இரு நாட்டாரும் 'டிஸ்கஸ்' என்ற வினையை அடுத்து 'அபவுட்' சேர்க்கிறார்கள். ஆங்கிலத்தில் அது தேவையில்லை. 'எனக்கு விளக்குங்கள்' என்பதை 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று சொல்வதும் இப்படித்தான். 'டு மீ' என்று வர வேண்டும். சொற்பட்டியலை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் இப்பிழை திருந்தாது. வினையோடு அதன் துணையையும் சேர்த்துப் பழகினால் திருந்தும்.

தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்ற சுசுமு ஓனோவின் கருத்தை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமைப்பு ஒற்றுமை வெளிப்படையானது. இரண்டிலும் வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாம். 'ஏ', 'தி' போன்ற சுட்டுகள் இல்லை. எனவே ஜப்பானியருக்காகச் செய்த ஆய்வு தமிழருக்கு ஆங்கிலேயர் எழுதிய இலக்கணத்தை விடப் பொருத்தமானது. இந்த வாய்ப்பைத் தமிழ்வழி நூல்கள் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

ஜப்பானைக் குறையற்ற முன்மாதிரியாகக் கொள்வதும் தவறு. பள்ளியில் பல ஆண்டு படித்தும் பேசத் தயங்குவது அங்கும் உள்ள குறைதான். உரையாடல் பள்ளிகள் பெரும் வணிகமாக வளர்ந்து, அவற்றுள் மிகப் பெரியதான நோவா 2007இல் நொடித்தது. மாணவர்கள் முன்பணம் இழந்தார்கள். ஒப்பீட்டில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: கற்பவரின் மொழியையும் பிழையையும் தொடக்கமாகக் கொள்ளும் முறை.

தெரிந்த சொல்லும் மாறிய பொருளும்

இந்நூல்வகையின் பெரிய விடுபாடு இதுதான். பெரியவர் ஒருவர் ஆங்கிலம் கற்கத் தொடங்கும்போது அவருக்கு ஏற்கெனவே பல நூறு ஆங்கிலச் சொற்கள் தெரியும். தமிழ்ப் பேச்சில் கலந்தே அவை வழங்குகின்றன. நூலோ அவரை ஒரு சொல்லும் அறியாதவராக எண்ணி முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறது.

'ட்ரை பண்ணு', 'செக் பண்ணு', 'கேன்சல் பண்ணு', 'புக் பண்ணு', 'அட்ஜஸ்ட் பண்ணு' என்று சொல்பவரின் வாயில் ஐந்து ஆங்கில வினைகள் உள்ளன. 'பண்ணு' என்பதை நீக்கினால் ஆங்கிலக் கட்டளை வாக்கியம் தயார். ஜப்பானியரும் இதையே செய்கிறார்கள். அங்கே 'பண்ணு' என்பதன் இடத்தில் 'சுரு'. 'காப்பி பண்ணு' அங்கே 'கோப்பீ சுரு'. இதை முதல் நாள் பாடமாக வைத்தால், தமக்கு முப்பது ஆங்கில வினை தெரியும் என்று கற்பவர் அன்றே அறிவார். அடுத்த நாள் பாடம் எங்கே வழுக்கும் என்பதைச் சொல்லலாம். 'வெயிட் பண்ணு' நேராக 'வெயிட் மீ' ஆகாது. இடையில் 'ஃபார்' வேண்டும். 'ஆஃப் பண்ணு' என்பதில் வினையே இல்லை. 'ஸ்விட்ச்' அல்லது 'டர்ன்' சேர்க்க வேண்டும்.

பொருள் மாறிய சொற்கள் அடுத்த படி. 'மேன்ஷன்' ஆங்கிலத்தில் மாளிகை. திருவல்லிக்கேணியில் வேலை தேடி வந்த இளைஞர் தங்கும் அறைகள் கொண்ட விடுதி. டோக்கியோவில் அடுக்குமாடிக் குடியிருப்பு. 'டென்ஷன்' தமிழில் பதற்றம், கோபம். ஜப்பானியப் பேச்சில் 'டென்ஷன் உயர்ந்திருக்கிறது' என்றால் உற்சாகமாக இருக்கிறார் என்று பொருள். 'சர்வீஸ்' தமிழில் வண்டியைப் பழுது பார்ப்பது. ஜப்பானியக் கடையில் இலவசமாகத் தருவது. ஆலையில் தமிழரும் ஜப்பானியரும் இச்சொற்களைப் பரிமாறிக்கொண்டால் இருவரும் ஆங்கிலம் பேசியதாக நினைப்பார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்கு வேறாகப் போய்ச் சேர்ந்திருக்கும். ஜப்பானில் இத்தகைய சொற்களை 'வசெய் எய்கோ', அதாவது ஜப்பானில் செய்த ஆங்கிலம், என்று பெயரிட்டுத் தொகுத்து விளக்கும் நூல்கள் உண்டு.

தமிழில் அப்படியொரு பட்டியல் நீளமானது. 'ஹோட்டல்' இங்கே சாப்பிடும் இடம். ஆங்கிலத்தில் தங்கும் இடம். 'கரண்ட் போச்சு' என்பதை அப்படியே மாற்றினால் கேட்பவருக்கு விளங்காது. 'பவர்' என்றால் விளங்கும். நோய்ப் பெயர்களில் இது பெரிதும் கவனிக்கத் தக்கது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு வருபவர் 'சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு' என்றால் மருத்துவர் புரிந்துகொள்வார். அதே நபர் சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போனபோது அங்குள்ள வெளிநாட்டுச் செவிலியரிடம் 'ஐ ஹேவ் சுகர்' என்றால், தம்மிடம் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னதாக ஆகிவிடும். 'டயபடீஸ்', 'ஹை பிளட் பிரஷர்' என்ற இரு சொல் அவருக்குத் தேவை. நோய்ப் பட்டியலில் அவை இருக்கின்றன. ஆனால் 'நீங்கள் சுகர் என்று சொல்வதைத்தான் இப்படிச் சொல்ல வேண்டும்' என்ற பாலம் இல்லை.

ஒலிபெயர்ப்பு

ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் காட்டுவது தவிர்க்க இயலாதது. தமிழில் 'க' ஒன்றே பல ஒலிக்கு நிற்பதால் 'கோட்' என்று எழுதினால் மேலங்கியா ஆடா என்று தெரியாது. கிரந்த எழுத்தும் ஆய்த எழுத்தும் ஓரளவு உதவும். ஜப்பானியருக்கு இச்சிக்கல் இன்னும் கடுமையானது; அவர்களது கத்தகானா எழுத்தில் 'ல', 'ர' வேறுபாடு இல்லை, பெரும்பாலும் மெய்யோடு உயிர் சேர்ந்தே வரும். ஆகவே 'பஸ்' அங்கே 'பசு' என்று ஒலிக்கும். தமிழ்ப் பேச்சிலும் 'பஸ்ஸு', 'காரு' என்று இறுதியில் உகரம் சேர்க்கிறோம். இதைப் பிழை என்று கேலி செய்வதால் பயனில்லை. இரு மொழிக்கும் இயல்பான போக்கு இது என்று சொல்லி, எந்த இடத்தில் பொருள் கெடும் என்பதை மட்டும் காட்டினால் போதும்.

நூல்களில் ஒலிபெயர்ப்பு தனிச்சொல்லுக்கே தரப்படுகிறது. பேச்சில் ஆங்கிலச் சொற்கள் ஒட்டி ஒலிக்கும். 'வாட் டூ யூ வாண்ட்' என்று பிரித்துப் படித்தவருக்கு, வேகமாகப் பேசுபவர் 'வாட்யவாண்ட்' என்று கேட்டால் காதில் பிடிபடுவதில்லை. சொல்லத் தெரிந்தும் கேட்கத் தெரியாமல் போவது இதனால்தான். காணொளிகள் நூலை மிஞ்சக்கூடிய இடம் இது. பல காணொளிகளோ பலகையில் வாய்பாடு எழுதுவதிலேயே நேரத்தைச் செலவிடுகின்றன.

மரியாதை வழக்கு

தமிழில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு. ஜப்பானியத்தில் மரியாதைக்கென்று வினை வடிவங்களே தனியாக உள்ளன. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றே. பெரியவர்கள் ஆங்கிலம் பேசத் தயங்குவதற்கு இது ஒரு காரணம்; மேலதிகாரியைப் பார்த்து 'யூ' என்றால் மரியாதைக் குறைவோ என்ற அச்சம். அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சார்' சேர்க்கிறார்கள். ஆங்கிலத்தில் மரியாதை கேள்வி வடிவில் தங்கியிருக்கிறது. 'கிவ் மீ வாட்டர், சார்' என்பது கட்டளையாகவே ஒலிக்கும். 'குட் ஐ ஹேவ் சம் வாட்டர்?' என்பது 'சார்' இல்லாமலே பணிவாக ஒலிக்கும். இந்த வேறுபாட்டைச் சொல்ல இரண்டு பக்கம் போதும். பல நூல்கள் 'வாருங்கள்' என்பதற்கு நேரே 'ப்ளீஸ் கம்' என்று எழுதி நகர்ந்துவிடுகின்றன.

உரையாடல் மாதிரிகளில் வரும் மனிதர்களும் இங்குள்ளவர்கள் அல்லர். தொப்பி வாங்குகிறார்கள், தேநீர் விருந்துக்கு அழைக்கிறார்கள், 'ஹவ் டூ யூ டூ' என்று கைகுலுக்குகிறார்கள். ஊர் எது, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு அறிமுகம் செய்துகொள்ளும் தமிழ்ப் பண்பை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதற்கு இடமில்லை. ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய கேள்விகள் எவை என்ற குறிப்பும் இல்லை. சம்பளத்தையும் திருமணத்தையும் பற்றிக் கேட்டு, எதிரில் இருப்பவர் முகம் மாறியதன் காரணம் விளங்காமல் நிற்பவர்களுக்கு அக்குறிப்பு தேவை.

அறிவொளி இயக்கம் காட்டிய வழி

பெரியவர்களுக்குக் கற்பிக்கும் முறை தமிழகத்துக்குப் புதியதன்று. 1990களின் தொடக்கத்தில் தமிழக மாவட்டங்களில் நடந்த அறிவொளி இயக்கம் எழுத்தறியாத பெரியவர்களுக்கு அரிச்சுவடி வரிசையில் கற்பிக்கவில்லை. உழைப்பிலும் வாழ்விலும் புழங்கும் சொல்லை எடுத்து, அதைப் பற்றிப் பேசவைத்து, பின்னர் எழுத்தைப் பிரித்துக் காட்டியது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் கருத்து அதன் பின்னணியில் இருந்தது. 'உனக்குத் தெரியாது' என்று தொடங்காமல் 'உனக்குத் தெரிந்ததிலிருந்து' என்று தொடங்கியதே அதன் வலிமை. தமிழ் எழுத்துக்கு ஏற்ற அம்முறையை ஆங்கிலப் பேச்சுக்குக் கொண்டுசெல்ல நூலாசிரியர்கள் முனைந்ததாகத் தெரியவில்லை. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் ஆங்கிலப் பேச்சுத் திறனையும் கவனத்தில் கொண்டது. ஆனால் அது மாணவர்களுக்கானது. படிப்பைக் கடந்துவிட்ட பெரியவர் பேருந்து நிலையக் கடையைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

மதிப்பீடு

தமிழ்வழி அன்றாட ஆங்கில நூல்கள் கற்றல் ஆசையை ஏழை வீடுகள் வரை கொண்டுசேர்த்தன. அந்த வகையில் அவற்றின் இடம் மறுக்க முடியாதது. ஆனால் அவை பெரியவரைத் தோற்றுப்போன மாணவராகவே பார்க்கின்றன. பத்தாம் நாளில் கால வாய்பாட்டில் சிக்கி நூலை மூடிவைப்பவர், குறை நூலில் இருக்கலாம் என்று எண்ணுவதில்லை. தமக்கு ஆங்கிலம் வராது என்றே முடிவு கட்டுகிறார். பிறகு வங்கியிலும் மருத்துவமனையிலும் பிள்ளையின் பள்ளியிலும் மற்றொருவரைப் பேசச் சொல்லி ஒதுங்கி நிற்கிறார். அட்டையில் போட்ட நாள் கணக்கு செய்யும் தீங்கு இது.

நல்ல நூல் ஒன்று இவ்வாறு அமையலாம். முதற்பகுதி, தமிழ்ப் பேச்சில் ஏற்கெனவே உள்ள ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, பொருள் மாறியவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாம் பகுதி, வினையை அதன் துணையோடும் வாக்கியத்தோடும் தர வேண்டும். மூன்றாம் பகுதி, ஆலை, மருத்துவமனை, வங்கி, பள்ளி, சுற்றுலா இடம் என்று இடத்துக்கு இருபது தொடராக, கேட்கும் தொடரையும் சொல்லும் தொடரையும் இணைத்துத் தர வேண்டும். 'மெதுவாகச் சொல்லுங்கள்', 'எனக்குப் புரியவில்லை', 'எழுதிக் காட்டுங்கள்' என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவை தெரிந்தவர் எந்தப் பேச்சிலும் முழுவதுமாகத் தோற்பதில்லை. இலக்கணம் கடைசியில், தேடுபவர் பார்த்துக்கொள்ளும் பின்னிணைப்பாக வரலாம். இத்தனையும் நூறு பக்கத்துக்குள் அடங்கும். ஜப்பானில் 32 பக்கக் கையேடு ஒன்று அந்நாளின் தேவைக்குப் போதுமானதாக இருந்தது.